கண்ணாடியில் தொங்காத துண்டு

மகனே,

போன வாரம் நீ போனில் பேசியதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு கம்பெனி உன்னை நம்பி முழுப் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது, இந்த முறை எழுதுவது மட்டுமல்ல, டைரக்டரும் நீயேதான் என்றாய். இதுவும் உண்மையில் நடந்த ஓர் அரசியல் சதியைப் பற்றிய கதைதான் என்றாய். "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்று கேட்டாய். நான் சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்று ஏதேதோ கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். உனக்கு மட்டும் தனியாக எழுதினால், அம்மா இப்போது மனசு சரியில்லாமல் இருக்கிறாள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துவிடுவாய். அதனால்தான் பத்திரிகையில் வரும்படி எழுதுகிறேன். உன் முதல் படத்தைப் பார்த்தவர்களும் இதைப் படிக்கட்டும். சூசை அண்ணனின் மகள் புஷ்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் அவர் பெயரை எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், இனிமே மறைக்கிறதுக்கு என்ன இருக்கு" என்றாள்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். சூசை அண்ணன் நமக்கு அடுத்த தெரு. நம்மைப் போலவே ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். வாலிபத்தில் ஜீப் ஓட்டினார். அந்த ஜீப் நம் மாவட்டத்தில் பெயர் பெற்றிருந்த ஒரு தலைவருடையது. ஒரு தேர்தல் சமயம் குடுமியான்மலைப் பக்கம் கூட்டத்துக்குப் போகும் வழியில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக ஜீப்பை நிறுத்திய இடத்தில், பட்டப்பகலில் அந்தத் தலைவரை வெட்டினார்கள். சூசை அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். இடது கையில் விழுந்த வெட்டினால் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைவரின் வயிற்றில் இறுக்கிக் கட்டி, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினார். தலைவர் வழியிலேயே இறந்துவிட்டார். வெட்டியவர்களில் சிலர் பிடிபட்டுத் தண்டனை பெற்றார்கள். ஏவியவர்கள் யார் என்பது கடைசிவரை வெளியே வரவில்லை. கூடவே இருந்த கட்சிக்காரர்கள்தான் என்று ஊர் பேசியது. சூசை அண்ணன் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில்தான் நின்றார். எந்தப் பக்கத்து வக்கீலும் அவரைச் சந்தேகித்து ஒரு கேள்வி கேட்கவில்லை. இதையெல்லாம் நம் வீட்டில் உட்கார்ந்து அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது நீ என் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பாய்.

அந்தக் கதையைத்தான் உன் முதல் படத்துக்கு நீ எடுத்துக்கொண்டு போனாய். எடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதரைப் பகலில் வெட்டிச் சாய்த்து, அதற்குத் திட்டம் போட்டவர்கள் மாலை மரியாதையோடு வாழ்ந்து முடித்தார்கள் என்றால் அது சொல்லப்பட வேண்டிய கதைதான். பாடப்புத்தகத்தில் அது வராது. செய்தித்தாள்கள் அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் வருஷக்கணக்காகக் கத்தியும் நான் ஏற்ற முடியாததை நீ இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடுவாய் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீயும் உன் டைரக்டரும் நம் வீட்டு மாடியில் தங்கி எழுதினீர்கள். நான்தான் காபி போட்டுக் கொண்டுவந்து வைப்பேன். ஒருநாள் காபியோடு ஏறி வந்தபோது நீங்கள் இருவரும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஜீப் அந்த இடத்தில் நிற்கும் என்று வெட்டியவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

"அம்மா, சூசை மாமா எப்பவும் தோள்ல துண்டு போட்டிருப்பாருல்ல. ஜீப்பை நிறுத்தி எறங்குனதும், அந்தத் துண்டை எடுத்து சைடு கண்ணாடியில தொங்கவிடுறாருன்னு வச்சுக்க. அதான் சிக்னல். எப்புடி?" என்றாய்.

"அப்புடி நடக்கலையேப்பா. அந்த ஏத்தத்துல ஜீப்பு எப்பவும் கொதிக்கும், அங்க இருக்குற கெணத்துலதான் எல்லா டிரைவரும் தண்ணி எடுப்பாங்கன்னு அவரே சொல்லியிருக்காருல்ல. ஊருக்கே தெரிஞ்ச விசயம், அவனுகளுக்குத் தெரியாதா?"

"அது சரிம்மா. ஆனா சப்புன்னு இருக்கு."

உன் டைரக்டர் சிரித்தார். "டீச்சர் நமக்குப் பாஸ் மார்க் போட மாட்டாங்க போலயே."

நானும் சிரித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். இப்படி எத்தனையோ யோசனை வரும் போகும், கடைசியில் நடந்ததைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் போனிலும் டிவியிலும் வெளியான அன்று நம் வீட்டில்தான் எல்லோரும் பார்த்தோம். நீ வரவில்லை, ஆனால் சூசை அண்ணனைக் கூப்பிடச் சொன்னது நீதான். அவர் சலவைச் சட்டை போட்டு, தோளில் வெள்ளைத் துண்டோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் உட்கார்ந்தார். புஷ்பம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முதலில், இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே என்று ஓர் எழுத்து வந்தது. அது படிக்க முடியாத வேகத்தில் ஓடி மறைந்தது. பிறகு கறுப்புத் திரையில், நிதானமாக, இசையோடு, 'உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்' என்று வந்தது. அதைப் படிக்க நிறைய நேரம் கொடுத்திருந்தீர்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவள். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் எழுதி, எது சரியோ அதற்கு மார்க் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் அடித்து முட்டை போடுவேன். உங்கள் முதல் எழுத்து கோர்ட்டுக்கு, இரண்டாவது எழுத்து ஜனங்களுக்கு. ஜனங்கள் இரண்டாவதைத்தான் படித்தார்கள்.

அந்த இடம் வந்தது. டிரைவர் இறங்குகிறார். பெயரை அருளப்பன் என்று மாற்றியிருந்தீர்கள், ஆனால் நடை, மீசை, பேச்சு எல்லாம் சூசை அண்ணன்தான். அந்த நடிகர் தோளிலிருந்து துண்டை எடுத்து, மெதுவாக மடித்து, கண்ணாடியில் தொங்கவிடுகிறார். காற்றில் அது ஆடுவதை வெகுநேரம் காட்டினீர்கள். பனைமரங்களுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் எழுகிறார்கள். நான் டிவியைப் பார்க்கவில்லை, சூசை அண்ணனைத்தான் பார்த்தேன். அவர் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு, டிரைவர்மேல் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக ஆட்களில் ஒருவன் அவர் கையில் சிராய்ப்பாக ஒரு வெட்டுப் போடும் காட்சி வந்தது. புஷ்பம் எழுந்து வெளியே போய்விட்டாள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்வரை அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நம்ம தம்பி பேரு வந்துச்சுல்ல. பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகமாக ஆறவில்லை. ஒரு மனிதன் நிரபராதி என்பதற்கு உடம்பிலேயே ஒரு அத்தாட்சி இருக்கிறது. அதை மறைக்க முடியாது, ஊரே பார்த்த கை. நீங்கள் மறைக்கவில்லை. அதையே அவர் குற்றத்துக்கு அத்தாட்சியாகத் திருப்பிவிட்டீர்கள். சதிக்கதைகளில் இருக்கும் பெரிய ஆபத்து இது என்று நினைக்கிறேன். வேறு எந்தக் கணக்கிலும், எதிரான ஒன்று வந்தால் விடை தப்பு என்று ஆகும். இந்தக் கதையில் எதிராக எது வந்தாலும், பார்த்தாயா, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார்கள் என்று அதையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும். துண்டும் அப்படித்தான். அது நிஜத் துண்டுதான், காயத்தில் கட்டிய துண்டு. அதை அங்கிருந்து அவிழ்த்து நீ கண்ணாடியில் மாட்டினாய்.

பிறகு நடந்ததை நான் போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன், நீ கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டாய். முழுதாக இங்கே சொல்கிறேன். டீக்கடையில் ஆரம்பித்தது. "என்ன மாமா, இன்னைக்கி துண்டு எங்கிட்டுத் தொங்குது?" என்று ஒருவன் கேட்பான். "ஏய், மாமா துண்டை ஒதறுறாரு, எல்லாரும் ஓடிருங்கடா" என்று இன்னொருவன் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். முதலில் அண்ணனும் சேர்ந்து சிரித்தார். ஒருநாள் பார்த்தால் தோளில் துண்டு இல்லை. அந்த வெயிலில், அந்த வயசில், வெறுந்தோளோடு ரேஷன் கடைக்குப் போகிறார். பிறகு ரேஷன் கடைக்கும் புஷ்பமே போக ஆரம்பித்தாள். அவள்தான் ஒருநாள் காலையில் நம் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"ஒங்க மகனுக்கு எங்கப்பா என்ன கெடுதல் பண்ணுச்சு டீச்சர்? தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சதா?"

"அவன்கிட்டப் பேசுறேன் புஷ்பம்."

"பேசி என்ன பண்ணப்போறீங்க. படத்தை அழிச்சிருவாங்களா? எங்க வீட்டுக்காரரு கூட்டாளி சிங்கப்பூர்ல இருந்து போன் போட்டுக் கேக்குறாரு, ஒங்க மாமனார்தானாமே அந்த ஆளுன்னு. ஆமாங்குறதா, இல்லைங்குறதா? இல்லைன்னா நம்புறதுக்கு எங்கள்ட்ட என்ன படமா இருக்கு?"

அன்று சாயங்காலம் உன்னிடம் பேசினேன். நினைவிருக்கும். ஒரே ஒரு பேட்டியில், அந்தத் துண்டுக் காட்சி எங்கள் கற்பனை என்று சொல்லிவிடு, போதும் என்றேன். அப்படிச் சொன்னால் மொத்தப் படமும் பொய் என்று ஆகிவிடும், புரொடியூசர் விடமாட்டார் என்றாய். நான் விடாமல் கேட்டதும், உனக்கும் கோபம் வந்து, உள்ளதைச் சொன்னாய். "பெரிய ஆளுங்களத் தொட்டா கேஸு போடுவாங்கம்மா. அவங்க குடும்பம் இன்னும் பவர்ல இருக்கு. யாராவது ஒருத்தர் தெளிவா தப்பு பண்ணாத்தான் கதை நிக்கும். டிரைவர்னா சேஃப்." சேஃப் என்ற அந்த வார்த்தையை நான் எத்தனையோ நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். உன் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். திட்டம் போட்ட பெரிய மனிதர்களின் முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை நீ. ஒரு முதுகு, ஒரு மோதிரம், ஒரு கார்க் கதவு மூடும் சத்தம். கட்சிக் கொடிக்கு எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு நிறம். வெளிச்சம் முழுவதையும் கொண்டுபோய் வழக்குப் போட வக்கீலுக்குக் காசு இல்லாத ஒரு மனிதர் மேல் கொட்டியிருக்கிறாய். சதிசெய்தவர்களும் அன்றைக்கு இப்படித்தான் யோசித்திருப்பார்கள். யாரை மாட்டிவிட்டால் நமக்கு ஆபத்தில்லை என்று.

இது நாடகம்தானே, நாடகத்தில் இதெல்லாம் உண்டுதானே என்று கேட்டாய். நாடகத்தின் மேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை. ஏசு ஆண்டவரின் பாடுகளை நடிக்கும் நம் ஊர் பாஸ்கா நாடகத்தில் உங்கப்பா யூதாஸ் வேஷம் போட்டது உனக்கு ஞாபகம் இருக்குமோ இல்லையோ. அந்த வருஷம்தான் உனக்கு விவரம் தெரிய ஆரம்பித்தது. காசு முடிச்சை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவர் ஆண்டவருக்கு முத்தம் கொடுக்கப் போனபோது நீ கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தும் அப்பாவிடம் போகவில்லை. அவர் கொடுத்த பொரியைத் தட்டிவிட்டாய். மனுஷர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் நம் ஊரில் பெரியவர்கள் இதை யோசித்துத்தான் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். ஈஸ்டர் பூசை முடிந்ததும், ஆண்டவராக நடித்தவர் ஊரறிய யூதாஸ் வேஷக்காரரின் வீட்டுக்கு வந்து, அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தெருவே கூடி நின்று பார்க்கும். அந்த வருஷம் ஆண்டவர் வேஷம் சூசை அண்ணனுக்கு. நம் வீட்டில் உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மடங்காத விரல்களோடு உன்னைத் தூக்கி அப்பா மடியில் வைத்தார். "டேய், இது ஒங்கப்பன்டா. அது வேசம், நேத்தோட கலைச்சாச்சு" என்றார். நீ அப்பாவின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாய். சினிமாவுக்கு அப்படி ஒரு மறுநாள் இல்லை, மகனே. கூட இருந்து பார்த்தவர்கள் யார் என்று தெரியாது. அவர்களுக்கு முன்னால் வேஷத்தைக் கலைக்க வழியில்லை. எந்த ஊரில் யார் எப்போது போட்டாலும், அருளப்பன் அன்றைக்குத்தான் துண்டை மாட்டுகிறார்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மேஜையிலிருந்த உலக உருண்டை ஒருநாள் விழுந்து உடைந்துவிட்டது. இதையே பாடமாக்கலாம் என்று, என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். பக்கத்திலேயே நின்ற பெண் திக்கித் திணறினாள். சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன் டீச்சர், கை பட்டுச்சோ காத்தோ தெரியல டீச்சர் என்றாள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, யார் வந்தார்கள், எந்தக் கையால் தட்டினார்கள், உருண்டை எப்படி உருண்டது, எந்த நாடு மேலே தெரிந்தது என்று கோவையாகச் சொன்னாள். யார் சொன்னதை நம்புகிறீர்கள் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் இரண்டாவது பெண்ணுக்குத்தான் கை தூக்கியது. அவள் அந்த நேரத்தில் வகுப்பிலேயே இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியாத இடங்கள் இருக்கும். இட்டுக்கட்டிச் சொல்பவர்களுக்கு அப்படி ஒன்றும் இருக்காது. இதை நான் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அந்த வகுப்பில் கை தூக்கியவர்களில் ஒருத்தி இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். போன மாதம் கடைவீதியில் பார்த்தேன். "தம்பி படத்தை கிளாஸ்ல போட்டுக் காட்டுனேன் டீச்சர். புக்குல பத்துப் பக்கம் நடத்துனாலும் ஏறாது, பிள்ளைங்க அப்புடியே உக்காந்து பாத்துச்சுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் யாரிடமும் தங்கவில்லை. என் மகனிடமே தங்கவில்லையே, பிறகு என்ன.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கியபின் ஒருநாள் பத்து மணி வெயிலில் சூசை அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். படம் பார்த்த நாளுக்குப் பிறகு அன்றுதான் வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், அன்னைக்கி நான் துண்டை எடுத்துக் கண்ணாடியில போட்டேனோ?"

எனக்குப் புரியவில்லை. "என்னண்ணே கேக்குறீங்க?"

"இல்ல, வேர்த்துச்சுல்ல. தொடச்சிட்டுக் காயட்டும்னு போட்டிருப்பேன்ல. அவனுகளுக்குக் காட்டணும்னு இல்ல. சும்மாத்தான். ஆனா அதைப் பாத்துத்தானே எந்திரிச்சு வந்தானுக. எனக்கு இப்ப நல்லாத் தெரியுது டீச்சர். துண்டு ஆடுறது தெரியுது."

"அண்ணே, அது என் மகன் எழுதுனது. இதே வீட்டு மாடியில ஒக்காந்து எழுதுனான். நான் காபி கொண்டுட்டுப் போனப்ப என் கண்ணு முன்னாடிதான் யோசிச்சுச் சொன்னான். அதுக்கு முன்னாடி அப்புடி ஒண்ணு யார் வாயிலயும் வந்ததில்ல. நீங்க எத்தனை வாட்டி எங்கள்ட்டச் சொல்லியிருக்கீங்க. ஒரு வாட்டியாச்சும் கண்ணாடின்னு சொல்லியிருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்து அவ்வளவு பிரியமாகச் சிரித்தார். "நீங்க நல்லவங்க டீச்சர். எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. தம்பி எம்புட்டு வெவரம் தேடி எழுதியிருக்கும். ஒண்ணும் இல்லாமயா எழுதும்?"

நான் மறுபடி மறுபடி சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், வகுப்பில் நான் சொல்வதைப் பிள்ளைகள் கேட்பார்களே, அதுபோல. கிணற்றையும் ஏற்றத்தையும் நினைவுபடுத்தினேன். கிணறு ஞாபகம் இருக்கிறது என்றார். அதன் பக்கத்தில் துண்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். அந்த மனிதரின் தலைக்குள் இத்தனை வருஷமாக இருந்த ஒரே ஒரு பகலுக்குள் நீ புகுந்து ஒரு பொருளை வைத்துவிட்டு வந்துவிட்டாய். என்னால் அதை எடுக்க முடியவில்லை. நான் அன்று அந்த ஜீப்பில் இல்லை, நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அதை யாரும் கேட்பதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். தவக்காலத்தில் எல்லோரும் செய்வதுதான். சாமியாரிடம் என்ன சொன்னார் என்று சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார். சூசை அண்ணனே சொல்லிவிட்டார். முதலில் புஷ்பத்திடம், பிறகு டீக்கடையில் வழக்கம்போல் கேட்டவனிடம். "ஆமாய்யா, போட்டேன். சாமிக்கிட்டச் சொல்லியாச்சு, மன்னிச்சாச்சு. இன்னும் ஒனக்கென்ன?" அதோடு கேலி நின்றுவிட்டது. பையன்கள் எழுந்து இடம் கொடுத்தார்களாம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்று, "இப்பத்தான் டீச்சர் நெஞ்சு லேசா இருக்கு" என்றார். தோளில் துண்டு இருந்தது. முகமும் தெளிவாகத்தான் இருந்தது. செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் என் முன்னால் நிம்மதியாக நிற்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய்? இல்லையண்ணே, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி அந்த நிம்மதியையும் பிடுங்கியிருக்க வேண்டுமா? சரித்திர டீச்சரான நான் வாயை மூடிக்கொண்டு புள்ளிகளைச் சேர்த்துக் கோலத்தை முடித்தேன்.

இதுவரை எழுதி, முடிக்கும்போது உன்னிடம் ஒன்று கேட்பதாக இருந்தேன். உன் புதுப் படத்தை ஆரம்பிக்கும் முன் ஒருதடவை வா. பத்திரிகைக்கோ டிவிக்கோ எதுவும் சொல்ல வேண்டாம், கம்பெனிக்கு நஷ்டம் வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா, அதை நான் இட்டுக்கட்டினேன் என்று நீ உன் வாயால் சொல். நான் சொன்னால் நம்பாதவர் எழுதியவன் சொன்னால் நம்பக்கூடும். இந்த உலகத்தில் அவர் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சி நீதான் என்று எழுதி, கடிதத்தை மடித்துவைக்கலாம் என்று இருந்தேன்.

நேற்று மத்தியானம் உன்னிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கையில் மைக்கோடு இரண்டு பேர் நம் ஊருக்கு வந்து சூசை அண்ணனிடம் பேசியதை அதற்குள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்கிறார். துண்டை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். தோளிலிருந்து எடுத்து மடித்து, நாற்காலிக் கையில் தொங்கவிட்டுக் காட்டுகிறார். உன் நடிகர் செய்ததைப்போலவே, அதே நிதானம். அதன் கீழே நீ எனக்கு எழுதியிருந்தாய். "அம்மா பாத்தியா. நாங்க கெஸ் பண்ணதுதான் நடந்திருக்கு. நீதான் அன்னைக்கு நடக்கலைன்னு சொன்ன."

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நீ என்னைக் கேலி செய்கிறாயா என்று முதலில் பார்த்தேன். இல்லை, நீ நிஜமாகவே சந்தோஷப்படுகிறாய். உனக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கிறது. உன் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததால்தானே இறங்க வேண்டியிருந்தது என்று அம்மாவாக ஒரு நிமிஷம் ஆறுதல்பட்டுக்கொண்டேன். அந்த ஆறுதலும் நிற்கவில்லை. உன்னிடமிருந்து அவருக்குப் போனது, அவரிடமிருந்து உனக்குத் திரும்பி வந்திருக்கிறது. வரும்போது அது உண்மையாகிவிட்டது. இனி யாராவது உன்னைக் கேட்டால் தைரியமாக அவரைக் காட்டுவாய். அவரைக் கேட்டால் உன் படத்தைக் காட்டுவார்.

ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய், வா. உனக்குப் பிடித்ததைச் சமைத்துவைக்கிறேன். அவரைப் போய்ப் பார் என்று சொல்லமாட்டேன், உன் புதுப் படத்தைப் பற்றியும் பேசமாட்டேன். சாப்பிட்டு முடித்து நீ கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அந்தத் துண்டை அவர் கண்ணாடியில் போட்டாரா என்று. பதில் எதுவாக இருந்தாலும் உன்னைத் திட்டமாட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் நீ கொஞ்சமாவது யோசிக்கிறாயா என்று மட்டும் பார்ப்பேன். நீ யோசிக்காமல் சொல்லிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா